கோடை ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங்: விடியலில் ட்ரவுட், வெயில் ஏறினால் பாஸ்

கோடையில் ஆற்றுக்குக் கிளம்பும்போது ராடு எடுத்தோமா, ரீல் எடுத்தோமா, ஃப்ளை டப்பா எடுத்தோமா என்று பார்ப்போம். தெர்மாமீட்டரை மறந்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். இன்றைக்கு எந்த மீனைத் தேடலாம், எத்தனை மணி வரை தேடலாம், ஆற்றின் எந்தப் பகுதியில் இறங்கலாம் என்பதற்கெல்லாம் சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்னக் குழாய்தான் பதில் சொல்லும். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். ஸ்மால்மவுத் பாஸுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் பிடிக்கும். மேல்பகுதியில் ட்ரவுட்டும் கீழ்ப்பகுதியில் பாஸும் நடுவில் இரண்டும் கலந்தும் இருக்கிற ஆறுகள் உண்டு. அப்படியோர் ஆற்றில் ஒரு முழுக் கோடை நாளை எப்படிக் கழிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

புதியவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுக்கோ இரைக்கோ கனம் இருக்கும். அதை வீசினால் நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். ஃப்ளை என்பது பூச்சி போலத் தெரிய இறகும் மயிரும் நூலும் சுற்றிய முள். அதற்கு எடை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கனம் லைனில்தான் இருக்கிறது. நாம் வீசுவது லைனை; ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறது. இது புரிந்துவிட்டால் வீச்சில் வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

படி 1: தண்ணீரின் சூடு

தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11.3 மில்லிகிராம் வரை கரையும். 20 டிகிரியில் 9.1, 25 டிகிரியில் 8.3. அதே சமயம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான் கோடை ட்ரவுட்டுக்கு. அந்த நேரத்தில் நாம் அதை முள்ளில் மாட்டி ஐந்து நிமிஷம் இழுத்து விளையாடினால், நீந்திப் போவது போலப் போய்ப் பிறகு எங்கோ பாறை இடுக்கில் செத்துக் கிடக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. 10 முதல் 16 டிகிரி வரை ட்ரவுட்டுக்கு நல்ல நேரம். 18-ஐத் தாண்டினால் கவனம். மீனைச் சீக்கிரம் கரை சேர்த்து விட்டுவிட வேண்டும். 20 டிகிரி ஆனதும் ட்ரவுட் ராடைச் சுருட்டி வைத்துவிடுவேன். எத்தனை மீன் மேலே எழும்பித் தின்றுகொண்டிருந்தாலும் சரி, பேரம் கிடையாது. பாஸ் சுறுசுறுப்பாக இரை தேடுவது ஏறக்குறைய அந்த 20 டிகிரியில் தொடங்கி 27 வரை.

சூட்டை அளப்பதிலும் தப்பு நடக்கும். கரையோரம் தேங்கி நிற்கும் தண்ணீரில் விட்டால் பொய் சொல்லும். ஓடுகிற தண்ணீரில், முடிந்தால் நிழலில், முழங்கை ஆழத்துக்கு இறக்கி ஒன்றிரண்டு நிமிஷம் பிடித்திருங்கள். வெளியே எடுத்த பிறகு படிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் அளவு மாறிவிடும்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. "வெயில் தாழ்ந்ததும் போகலாம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் காற்று குளிர்வது போல ஆறு உடனே குளிராது. வெப்பமான நாட்களில் தண்ணீர் மிகவும் சூடாக இருப்பதே பிற்பகலின் கடைசியிலும் மாலையிலும்தான். மிகவும் குளிர்ந்திருப்பது விடியலை ஒட்டி. ஆகவே கடும் கோடையில் ட்ரவுட்டுக்கு விடியல் ஒன்றுதான் நியாயமான நேரம். அணையின் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடும் ஆறுகள் இதற்கு விலக்கு. அணைக்குக் கீழே சில கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

படி 2: சாமான்கள்

ஃப்ளை ராடுகளுக்கு எண் உண்டு. அந்த எண் லைனின் கனத்தைக் குறிக்கும். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 7-ஆம் எண் 185 கிரெய்ன், சுமார் 12 கிராம். ட்ரவுட்டுக்கு 9 அடி நீளத்தில் 4 அல்லது 5. காற்றை வாங்கும் பெரிய பாப்பர்களையும் (மேலே மிதந்து சத்தம் போடும் ஃப்ளை) கனமான ஸ்ட்ரீமர்களையும் (சிறுமீன் போலத் தண்ணீருக்கடியில் இழுக்கும் ஃப்ளை) வீச வேண்டியிருப்பதால் பாஸுக்கு 6 அல்லது 7. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 6 வாங்குங்கள். ட்ரவுட்டுக்குக் கொஞ்சம் முரடு, பாஸுக்குக் கொஞ்சம் மெலிவு. ஆனாலும் இரண்டு வேலையும் நடக்கும். இரண்டுக்குமே மிதக்கும் லைன் போதும்.

லைனின் முனையில் போகப் போக மெலியும் லீடர் என்ற நரம்பு, லீடரின் முனையில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய டிப்பெட். டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூட நரம்பு மெலியும். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். 5எக்ஸ் என்றால் ஆறு பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். ட்ரவுட்டுக்கு 9 அடி லீடரில் 4எக்ஸ் அல்லது 5எக்ஸ். மீன் நரம்பைப் பார்த்துவிடும் என்று பயந்து 7எக்ஸ் கட்டுபவர்கள் உண்டு. கோடையில் அது மீனுக்குச் செய்யும் கொடுமை. மெல்லிய நரம்பில் மெதுவாகத்தான் இழுக்க முடியும். அந்த நேரம் முழுவதும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். பாஸுக்கு 0எக்ஸ் முதல் 2எக்ஸ் வரை, லீடர் ஏழரை அடி இருந்தால் போதும்.

முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலான் இறுகும்போது உரசிச் சூடாகி வலுவிழக்கும்.

மற்றவை: போலரைஸ்டு கண்ணாடி, விளிம்பு வைத்த தொப்பி, ரப்பர் வலை, முள் எடுக்கும் ஃபோர்செப்ஸ். கண்ணாடியும் தொப்பியும் அழகுக்கு இல்லை. எதிர்க்காற்றில் வீசிய என் ஃப்ளை ஒருமுறை காது மடலில் ஏறியது; இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் கண். கோடையில் வேடர் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை) தேவையில்லை. சீக்கிரம் காயும் கால்சட்டையும் பிடிமானமுள்ள சப்பாத்தும் போட்டு நேராக இறங்கலாம்.

மீன்பிடி அனுமதியும் பருவ விதிகளும் ஆற்றுக்கு ஆறு மாறும். சூடு கூடினால் பிற்பகலில் ட்ரவுட் பிடிக்கத் தடை போடும் ஆறுகளும் உண்டு. முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: டப்பாவில் என்ன இருக்க வேண்டும்

வசந்தத்தில் ட்ரவுட் தின்பது பெரும்பாலும் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த பூச்சிகளை. கோடையில் அந்த வரத்து மெலிந்து, கரைப்புல்லிலிருந்தும் மரக்கிளையிலிருந்தும் தவறி விழும் தரைப்பூச்சிகள் முக்கியமாகிவிடும். வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு. இந்த மூன்றும் இருந்தால் கோடை ட்ரவுட்டுக்குப் பாதி டப்பா நிறைந்துவிட்டது. வெட்டுக்கிளிக்கு 8 முதல் 12 வரை முள் அளவு, வண்டுக்கு 12 முதல் 16, எறும்புக்கு 14 முதல் 18. இங்கேயும் எண் கூடினால் முள் சிறிது. எறும்பை நிறையப் பேர் மதிப்பதில்லை. எதையும் தொடாமல் நகரும் மீன் கறுப்பு எறும்பை மட்டும் வந்து உறிஞ்சுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு மேலே மிதக்கும் ஃப்ளைகளான பாரஷூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், தண்ணீருக்கடியில் போகும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் சில. விடிந்ததும் ட்ரைகோ என்ற மிகச் சிறிய மே ஃப்ளை பூச்சி கூட்டமாக எழும் ஆறு என்றால் 20 முதல் 24 அளவில் சில வேண்டும். அந்த முள் கண்ணில் நூல் கோக்கும்போதுதான் நமக்கு வயதாகிவிட்டது என்பது தெரியும்.

பாஸின் டப்பா வேறு. ஸ்மால்மவுத்துக்கு கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) என்றால் உயிர்; பழுப்பு, ஆலிவ் நிறங்களில் அதைப் போன்ற ஃப்ளை சில வையுங்கள். தண்ணீருக்கடியில் இழுக்கும் உலி பக்கர், மேலே மிதந்து "பொளக்" என்று சத்தம் போடும் பாப்பர், கிளவுசர் மின்னோ ஆகியவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னது பென்சில்வேனியாவின் சஸ்குஹானா ஆற்றில் ஸ்மால்மவுத்துக்காகவே 1980-களில் பாப் கிளவுசர் உருவாக்கியது. முள்ளின் மேல்பக்கம் டம்பெல் வடிவ உலோகக் கண்களைக் கட்டியிருப்பதால் தண்ணீரில் ஃப்ளை கவிழ்ந்து, முள்முனை மேல்நோக்கி நிற்கும். பாறை நிறைந்த அடியில் இழுத்தாலும் எளிதில் சிக்காது.

படி 4: வீச்சு

இதைத் தண்ணீரில் கற்காதீர்கள். புல்வெளியில், ஃப்ளைக்குப் பதில் சிறு கம்பளி நூலைக் கட்டிப் பழகுங்கள். தினமும் 15 நிமிஷம் போதும்.

கடிகாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி, முன்பக்கம் 10 மணி, பின்பக்கம் 1 மணி. ராடின் முனையைத் தாழ்த்தி லைனின் தொய்வை எடுத்துவிடுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே ராடைப் பின்னால் தூக்கி, 1 மணியில் சட்டென்று நிறுத்துங்கள். அந்த நிறுத்தம்தான் வீச்சின் உயிர். ராடு நின்றதும் அதில் வளைவாகச் சேர்ந்த விசை லைனுக்குப் போய், லைன் பின்னால் சுருள் பிரிந்து நீளும். அது நீளும் வரை பொறுங்கள். பிறகு அதே போல முன்னால் கொண்டுவந்து 10 மணியில் நிறுத்தி, லைன் பிரிந்ததும் ராடைத் தாழ்த்துங்கள்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்தப் பொறுமையில்தான். பின்னால் லைன் பிரியுமுன் முன்னால் இழுத்தால் சாட்டை போலப் "பட்" என்று சத்தம் கேட்கும். ஃப்ளை அறுந்து போயிருக்கும். வெட்கப்படாமல் தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பாருங்கள். லைன் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கண்ணால் பார்த்தால்தான் கைக்குப் புரியும். இன்னொரு குறை மணிக்கட்டை உடைப்பது. ராடு பின்னால் 3 மணிக்குப் போய் லைன் புல்லில் விழும். ராடின் அடிக்கட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு பழகினால் மணிக்கட்டு தானாக அடங்கும்.

பின்னால் மரம் நிற்கும் இடத்தில் ரோல் காஸ்ட். லைனைத் தண்ணீர் மேலேயே மெல்ல இழுத்து, தோளுக்குப் பின்னால் ஒரு வளைவு தொங்கும்படி ராடைக் காதோரம் நிறுத்தி, அங்கிருந்து முன்னால் சுண்டி 10 மணியில் நிறுத்த வேண்டும். தண்ணீரே லைனைப் பிடித்துக்கொள்ளும், பின்வீச்சு வேண்டாம்.

தூரத்துக்கு ஆசைப்படாதீர்கள். 8 முதல் 12 மீட்டருக்குள் சொன்ன இடத்தில் ஃப்ளையை வைக்கத் தெரிந்தால் ஆற்றில் நிறைய மீன் கிடைக்கும்.

படி 5: விடியலில் ட்ரவுட்

வெளிச்சம் வருமுன் ஆற்றங்கரையில் இருங்கள். சூட்டைப் பாருங்கள். இறங்காமல் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். நாம் கால் வைக்க நினைக்கும் கரையோரத்தில்தான் விடியலில் பெரிய மீன் மேய்ந்துகொண்டிருக்கும்.

கோடையில் ட்ரவுட் இருக்குமிடத்தை ஆக்ஸிஜனும் குளிர்ச்சியும் நிழலும் தீர்மானிக்கும். கற்களில் மோதிச் சலசலத்து ஓடும் மேட்டோட்டத்தில் காற்று கலப்பதால் மூச்சுவிட வசதி. அந்தச் சலசலப்பு மடுவில் விழும் தலைப்பகுதி, வேகமும் மெதுவுமான இரண்டு ஓட்டங்கள் உரசும் கோடு, தண்ணீர் குடைந்த கரை, மரநிழல் விழும் ஓரம் ஆகிய இடங்களைத் தேடுங்கள். வேக ஓட்டம் இரையைக் கொண்டுவரும். மெதுவான ஓட்டத்தில் நின்றுகொண்டு மீன் அதைப் பொறுக்கும். குளிர்ந்த ஊற்றோ ஓடையோ வந்து சேரும் வாயில் கடும் வெயில் நாட்களில் ட்ரவுட் கூட்டம் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அந்தக் கூட்டத்தை விட்டுவிடுங்கள். அவை இரை தேடி வந்தவை அல்ல, உயிர் பிழைக்க வந்தவை.

மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி அணுகுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து மீனுக்கு வெளியுலகம் 97 பாகைக் கூம்பு வழியாக, தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னலாகத் தெரிகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சன்னல் 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம்தான். மேலாக நிற்கும் மீனுக்கு ஃப்ளையைத் துல்லியமாக வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். குனிந்து போங்கள், நிழலை மீன் மேல் விழவிடாதீர்கள்.

மேலோட்டத்தை நோக்கி நேராக வீசினால் லைன் மீனின் தலை மேல் விழும். கொஞ்சம் சாய்வாக, மீனுக்கு ஒரு மீட்டர் மேலோட்டத்தில் ஃப்ளையை இறக்குங்கள். இனி முக்கியமான சங்கதி: கட்டப்படாத பூச்சி எப்படி மிதந்து வருமோ அப்படியே ஃப்ளை வர வேண்டும். நடுவில் உள்ள வேக ஓட்டம் லைனைப் பிடித்து இழுத்தால் ஃப்ளை தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடும். ட்ரவுட் திரும்பியும் பார்க்காது. லைன் விழுந்த உடனே ராடின் முனையால் அதன் நடுப்பகுதியைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போடுங்கள். இதற்கு மெண்டிங் என்று பெயர். ஃப்ளையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைவிட இதுதான் அதிக மீனைத் தரும் என்பேன்.

மீன் இரையை மேலே எடுக்கிறதா, அடியில் எடுக்கிறதா என்று தெரியாவிட்டால் இரண்டையும் கட்டுங்கள். மேலே மிதக்கும் வெட்டுக்கிளி, அதன் முள் வளைவில் அரை மீட்டர் நரம்பு, முனையில் ஃபெசன்ட் டெயில். வெட்டுக்கிளி தக்கை வேலையும் பார்க்கும். அது தடுமாறினால் அல்லது அமிழ்ந்தால் ராடை மேலே உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

சூரியன் தண்ணீரைத் தொட்ட பிறகு அரைமணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பாருங்கள். 20 வந்ததா? கீழ்ப்பகுதிக்கு நடையைக் கட்டுங்கள்.

படி 6: வெயிலில் பாஸ்

இங்கே ஆறு அகலமாக, பாறைகள் புடைத்து, ஓட்டம் நடுத்தரமாக இருக்கும். ட்ரவுட்டின் நாசூக்கை மறந்துவிடுங்கள். பாஸ் முரட்டு ஆசாமி. பெரிய பாறைக்குப் பின்னால் உள்ள சுழி, பாறைத்தட்டு சட்டென்று ஆழமாகும் விளிம்பு, விழுந்த மரம், கரையோர நிழல் ஆகியவை அதன் இருப்பிடம். வெயில் உச்சியில் இருக்கும்போது ஆழத்துக்கும் நிழலுக்கும் போகும். மாலையில் ஆழமற்ற ஓரத்துக்கு வரும்.

உச்சிவெயிலில் கிளவுசர் அல்லது கிரேஃபிஷ் ஃப்ளை. ஓட்டத்துக்குக் குறுக்காக, சற்றுக் கீழ்நோக்கி வீசி, மூழ்க விட்டு, இடது கையால் லைனை இழுங்கள். ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம், இரண்டு சிறு இழுப்பு, மறுபடி நிறுத்தம். கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில் விழும். கிரேஃபிஷ் ஃப்ளை அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். அடியைத் தொடவே இல்லை என்றால் கனம் போதவில்லை.

ட்ரவுட் பழக்கத்தில் ராடைத் தூக்காதீர்கள். ராடின் முனை தண்ணீரைப் பார்த்தபடியே இருக்கட்டும். கடி தெரிந்ததும் லைனைக் கையால் நீளமாக இழுத்து முள்ளை ஏற்றுங்கள். ராடைத் தூக்கினால் ஃப்ளை மீனின் வாயைவிட்டு மேலே போய்விடும். கையால் இழுத்தால் தவறினாலும் ஃப்ளை அதன் முன்னாலேயே இருக்கும், திரும்பி வந்து கடிக்கும். இந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு ஒரு முழுக் கோடை ஆனது.

மாலையில் பாப்பர். கரைநிழலில் போட்டு, விழுந்த வளையங்கள் அடங்கும் வரை தொடாதீர்கள். பிறகு ஒரு "பொளக்". மறுபடி சும்மா இருங்கள். தண்ணீர் வெடித்ததும் பதறி இழுத்தால் ஃப்ளை நம் முகத்துக்குத்தான் வரும். மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

கோடைத் தொடக்கத்தில் ஆழமற்ற இடத்தில் தட்டு போல் துடைத்து வைத்த வெளிர் வட்டத்தின் மேல் ஒரு பாஸ் நகராமல் நின்றால், அது முட்டைக்கோ குஞ்சுகளுக்கோ காவல் நிற்கும் ஆண். அதைத் தூக்கினால் அந்த நேரத்துக்குள் சிறு மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும். கடந்து போய்விடுங்கள்.

படி 7: பிடித்ததை விடுவது

முள்ளின் உள்பக்கம் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு பல்லைக் கிளம்புமுன்பே ஃபோர்செப்ஸால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும் நம் காதிலிருந்தும் சுலபமாக வரும்.

மீன் மாட்டியதும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, அது போகும் திசைக்கு எதிராக இழுங்கள். நேர் மேலே தூக்குவதைவிட இப்படிச் சீக்கிரம் களைக்கும். வலையைத் தண்ணீரில் வைத்தபடியே முள்ளை எடுங்கள். கையை நனைத்த பிறகே தொடுங்கள், காய்ந்த கை அதன் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள்.

காற்றில் வைத்திருக்கும் நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. கனடாவில் ரெயின்போ ட்ரவுட்டைக் களைக்க வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1992-இல் வெளியானது. 12 மணி நேரத்துக்குள், தண்ணீரைவிட்டு எடுக்காத மீன்களில் 12 சதவீதம் செத்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிஷம் வைத்தவற்றில் 72 சதவீதம். படம் எடுக்க ஆசை என்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டுவது நிற்குமுன் மீனை மறுபடி இறக்கிவிடுங்கள். விடும்போது தலை ஓட்டத்தைப் பார்க்க, வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். அதுவாகக் கையை உதறிக்கொண்டு போகும். பாஸ் இதைவிடக் கெட்டியான மீன். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடிக்கலாம். பெரியது என்றால் வயிற்றுக்கும் ஒரு கை கொடுங்கள்.

படி 8: காலும் கரையும்

பாசி படிந்த கல் எண்ணெய் தடவியது போல் இருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் உரசி நகருங்கள், ஒரு கால் உறுதியாக நின்ற பிறகு மற்றதை எடுங்கள். ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் உடலின் மேல் விழும் விசை குறையும். கையில் ஒரு தடி இருக்கட்டும். வேக ஓட்டத்தில் தொடைக்கு மேல் போகாதீர்கள். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல் மல்லாந்து, காலைக் கீழோட்டத்துக்கு நீட்டி, ஆழமற்ற இடம் வரும் வரை மிதந்து போங்கள். எழுந்து நிற்கப்போய்க் கால் கல்லிடுக்கில் மாட்டினால் ஓட்டம் மேலே ஏறிவிடும். அணைக்குக் கீழே இருந்தால் திறப்பு நேரத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நனைந்திருந்த கல் மூழ்கத் தொடங்கினால் அதுவே வெளியேறச் சொல்லும் அறிகுறி. இடி கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைவிட்டு வெளியே வாருங்கள். ராடில் இருக்கும் கிராஃபைட் மின்சாரம் கடத்தும். 9 அடி நீளத்தில் அதை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வீடு திரும்பியதும் சப்பாத்திலும் வலையிலும் ஒட்டிய சேற்றையும் பாசியையும் துலக்கிக் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். ஓர் ஆற்றின் பாசியும் மீன்நோயும் இன்னோர் ஆற்றுக்குப் போவது இப்படி ஈரம் காயாத சப்பாத்தில்தான். அடியில் ஃபெல்ட் ஒட்டிய சப்பாத்து காய நாட்கணக்கில் ஆகும் என்பதால் நான் ரப்பருக்கு மாறிவிட்டேன். ஃப்ளைகளை ஈரத்தோடு டப்பாவில் மூடாதீர்கள், முள் துருப்பிடிக்கும். அப்படியே ஒரு நோட்டில் தேதி, நேரம், தண்ணீரின் சூடு, எந்த மீன் எங்கே என்று நாலு வரி எழுதிவையுங்கள். இரண்டு கோடை எழுதினால், உங்கள் ஆறு எந்தத் தேதி வாக்கில், காலை எத்தனை மணிக்கு 20-ஐத் தொடுகிறது என்பது அந்த நோட்டிலேயே கிடைக்கும்.